சிமுலேஷன் மென்பொருளுக்கு நிறுவல் வழிகாட்டியும் பிழைச்செய்தியும் எழுதுவது: முழுச் செய்முறை

களனி கங்கையில், ஹங்வெல்லவிலிருந்து கடல் வரை, மழைக்குப் பிறகு நீர்மட்டம் எப்படி ஏறும் என்று கணிக்கும் ஒரு நிரலை நாங்கள் கொழும்பில் பாவிக்கிறோம். கணக்குப் போடும் மையப்பகுதி ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியில் இருக்கிறது, தரவைத் தயார் செய்யும் பகுதி பைதன் மொழியில். ஒரு புது மாணவர் வந்தால் அவருடைய மடிகணினியில் இதை ஓட வைக்க முன்பெல்லாம் மூன்று நாலு நாள் போய்விடும். இப்போது ஒரு பிற்பகல் போதும். கணக்கில் ஒரு வரிகூட மாறவில்லை. வழிகாட்டியை மாற்றி எழுதினோம், பிழைச்செய்திகளை மாற்றி எழுதினோம், அவ்வளவுதான்.

அதை எந்த வரிசையில் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வழிகாட்டி ஒரு வேலை, பிழைச்செய்தி இன்னொரு வேலை என்று பலரும் பிரித்து வைத்திருக்கிறார்கள். செய்து பார்த்தால் இரண்டும் ஒரே வேலை என்று தெரியும். வழிகாட்டி கைவிட்ட இடத்தில் மாணவர் வாசிப்பது பிழைச்செய்தியைத்தான். அதனால் ஒன்றில் சொல்ல முடியாததை மற்றதில் சொல்லியாக வேண்டும்.

தொடங்குமுன் நாலு விஷயம் கையில் இருக்கட்டும்: நிரலை இதுவரை தொட்டிராத ஒருவர், ஒன்றும் நிறுவப்படாத சுத்தமான ஒரு கணினி, விடை தெரிந்த ஒரு சிறிய கணக்கு, மூலநிரலை மாற்றும் அனுமதி. கடைசியது இல்லாவிட்டாலும் முதல் ஐந்து படிகளைச் செய்யலாம்.

1. தெரியாத ஒருவர் நிறுவுவதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள்

எழுதத் தொடங்க வேண்டாம். முதலில் பாருங்கள். புதியவரிடம் இருக்கிற வழிகாட்டியைக் கொடுத்து, "நான் இல்லை என்று நினைத்துச் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு, ஒரு கொப்பியில் மூன்று நெடுவரிசை போட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்: அவர் என்ன வாசித்தார், என்ன செய்தார், திரை என்ன சொன்னது.

விசைப்பலகையைத் தொடக்கூடாது. இதுதான் கஷ்டமான பகுதி. ஒரு செக்கன் கையை நீட்டி நீங்கள் திருத்திவிட்டால், அந்தத் தடுக்கல் உங்கள் பட்டியலில் ஏறாது, அடுத்தவர் அதே இடத்தில் விழுவார்.

நான் முதன்முதலாக இப்படி உட்கார்ந்த நாளில் ஒரு தங்கச்சி எங்கள் வழிகாட்டியில் "நெட்சிடிஎஃப் நிறுவவும்" என்ற வரியை வாசித்தார், நிறுவினார். (நெட்சிடிஎஃப் என்பது தரவுக் கோப்புகளை வாசிக்கவும் எழுதவும் உதவும் லைப்ரரி, அதாவது எங்கள் நிரல் பாவிக்கும் ஆயத்த நிரல் தொகுப்பு.) மூலநிரலை ஓடக்கூடிய நிரலாக மாற்றும்போது, அதாவது கம்பைல் செய்யும்போது, வேலை நின்றுவிட்டது. காரணம் எங்களுக்கு மனப்பாடம்: நெட்சிடிஎஃப்பின் ஃபோர்ட்ரான் பகுதி 4.2 பதிப்பிலிருந்து தனி லைப்ரரி, அதைத் தனியாக நிறுவ வேண்டும். நாங்கள் பாவிக்கும் லினக்ஸ் வகையான உபுண்டுவில் இரண்டு பொதிகளின் (நிறுவும் தொகுப்புகளின்) பெயரும் ஒரே ஒரு எழுத்தால் வேறுபடும். ஒன்றில் ஒரு எஃப், மற்றதில் இரண்டு எஃப்.

அவர் இணையத்தில் தேடி அந்த இரண்டாவது பெயரையும் கண்டுபிடித்திருந்தார். ஆனால் நிறுவவில்லை. ஏன் என்று பிறகு கேட்டேன். "எழுத்துப்பிழை எண்டு நினைச்சு ஒரு எஃப்-ஐ அழிச்சிட்டன் அக்கா" என்றார். முக்கால் மணித்தியாலம் அப்படியே போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திராவிட்டால் இது எனக்கு ஒருபோதும் தெரிந்திருக்காது. இன்று அந்த இடத்தில் எங்கள் வழிகாட்டி இப்படிச் சொல்கிறது: "இரண்டாவது பெயரில் எஃப் இரண்டு தடவை வரும். அது எழுத்துப்பிழை இல்லை. இரண்டு பொதிகளும் தேவை."

2. உங்கள் கணினியை நம்பாதீர்கள்

நிரலை எழுதியவரின் கணினியில் அது எப்போதும் ஓடும். ஏனென்றால் வருடக்கணக்கில் அங்கங்கே செய்த சின்னச் சின்ன ஒழுங்குகள் அதில் ஒளிந்திருக்கின்றன. அவற்றை அவரே மறந்திருப்பார்.

எங்களுக்கு நடந்தது இது. எங்கள் கணினிகள் எல்லாவற்றிலும் ஓடிய நிரல், புதுக் கணினியில் தொடங்கிய உடனேயே "செக்மென்டேஷன் ஃபோல்ட்" (அனுமதி இல்லாத நினைவக இடத்தைத் தொட்டதால் வரும் பிழை) என்று விழுந்தது. லினக்ஸில் ஒரு நிரலுக்கு இயல்பாகக் கிடைக்கும் ஸ்டாக்கின் (தற்காலிக நினைவகப் பகுதியின்) அளவு 8 மெகாபைட். ஃபோர்ட்ரான் நிரல்கள் பெரிய அணிகளை (எண் அட்டவணைகளை) அங்கே வைத்தால் அது போதாது. எங்கள் கணினிகளில் யாரோ ஒருவர் எப்போதோ தொடக்கக் கோப்பில் அந்த வரம்பை நீக்கி எழுதியிருந்தார். வழிகாட்டியில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஆகவே ஒரு மெய்நிகர் கணினியோ, கணினிக்குள் தனியாக ஒதுக்கிய சூழலான கொன்டெய்னரோ எடுத்து, வெறும் உபுண்டு போட்டு, வழிகாட்டியில் உள்ளதை மட்டும் அப்படியே செய்யுங்கள். ஞாபகத்திலிருந்து ஒன்றும் தட்டச்சுச் செய்யக்கூடாது. நின்ற இடத்தைத் திருத்தி எழுதி, கணினியை அழித்து, மறுபடியும் முதலிலிருந்து. நடுவிலிருந்து தொடர்ந்தால் முன்பு செய்த ஏதாவது ஒன்று உங்களைக் காப்பாற்றிவிடும், குறை தெரியாது.

உபுண்டு 24.04 இல் செய்யும்போது இன்னொன்றும் வெளியே வரும். பைதன் பொதியை முழுக் கணினிக்கும் பொதுவாகப் பிப் என்ற நிறுவும் கருவி மூலம் நிறுவப் போனால் அது மறுத்துவிடும். மாணவர்கள் இணையத்தில் தேடி, அந்தப் பாதுகாப்பை உடைக்கும் தெரிவைப் போட்டு நிறுவிவிடுகிறார்கள். பிறகு கணினியின் சொந்தப் பைதன் கருவிகள் குழம்புகின்றன. கணினியின் பைதனோடு கலக்காத தனிப் பைதன் சூழலை உருவாக்கும் படியை, முதல் பைதன் பொதிக்கு முன்னாலேயே வையுங்கள்.

3. முன்தேவைகளை எண்ணோடு எழுதுங்கள்

"ஓரளவு நல்ல கணினி, இணைய இணைப்பு" என்று எழுதினால் யாருக்கும் பிரயோசனமில்லை. எவ்வளவு நினைவகம், வன்தட்டில் எவ்வளவு இடம், மொத்தம் எவ்வளவு தரவிறக்கம், எவ்வளவு நேரம் என்று எண்ணாக எழுதுங்கள். வெள்ளவத்தையில் அறை எடுத்து, கைபேசி டேட்டாவில் வேலை செய்யும் மாணவர் ஒருவருக்கு, தரவிறக்கம் 300 மெகாபைட்டா 6 கிகாபைட்டா என்பது மிக முக்கியம். பாதியில் டேட்டா முடிந்தால் பாதி நிறுவிய நிலையில் கணினி நிற்கும், அதிலிருந்து மீள்வது புதிதாகத் தொடங்குவதைவிடச் சிக்கல். பெரிய தரவிறக்கம் எல்லாவற்றையும் ஒரே படியில் சேர்த்து, "இதை வளாகத்தின் வைஃபையில் செய்யுங்கள்" என்று எழுதினால் பாதித் தொல்லை போகும்.

பதிப்பு எண்ணும் அப்படித்தான். "புதிய பதிப்பை நிறுவவும்" என்பது எழுதிய நாளில் ஒரு பொருள், இரண்டு வருடம் கழித்து இன்னொரு பொருள். 2020 இல் வந்த ஜிசிசி 10 கம்பைலர், அதுவரை எச்சரிக்கையோடு விட்டுவிட்ட பழைய ஃபோர்ட்ரான் பழக்கம் ஒன்றைப் பிழையாக மாற்றியது. ஒரே துணைநிரலை வெவ்வேறு வகை மாறிகளோடு அழைக்கும் பழைய நிரல்கள் ஒரே நாளில் கம்பைல் ஆகாமல் போயின. நீங்கள் சோதித்த பதிப்பு எது, எந்த மாதம் சோதித்தீர்கள் என்று எழுதுங்கள். அதைவிடப் புதியது வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம் என்பது வாசிப்பவருக்கு அப்போது தெரியும்.

விண்டோஸ் கணினி வைத்திருப்பவர்களுக்கு மூன்று குறிப்புகள் கட்டாயம் வேண்டும். ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருக்கக்கூடாது. ஒன்ட்ரைவ் ஒத்திசைக்கும் ஃபோல்டருக்குள் வைக்கக்கூடாது. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓடவிடும் டபிள்யூஎஸ்எல் பாவித்தால் கோப்புகளை லினக்ஸ் பக்கத்திலேயே வைக்க வேண்டும், ஏனென்றால் அங்கிருந்து விண்டோஸ் வட்டை எட்டி வாசிப்பது மிக மெதுவானது.

கட்டளைகளை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். எங்கள் பழைய வழிகாட்டி ஒரு வேர்ட் கோப்பு. வேர்ட் இரண்டு சிறுகோடுகளை ஒரு நீண்ட கோடாக்கும், நேர் மேற்கோள்குறியை வளைந்ததாக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கட்டளைகளைத் தட்டும் திரையான டேர்மினல் ஏற்காது. வெறும் உரைக் கோப்பாக வையுங்கள்.

4. ஒரு படி, ஒரு கட்டளை, ஒரு அடையாளம்

ஒவ்வொரு படியிலும் மூன்று இருக்க வேண்டும்: செய்ய வேண்டியது, சரியாக நடந்தால் திரையில் தெரிவது, தெரியாவிட்டால் போக வேண்டிய இடம். நடுவில் உள்ளதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

அடையாளம் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? மூன்றாம் படியில் நேர்ந்த கோளாறு ஒன்பதாம் படியில் வெடிக்கும். மாணவர் ஒன்பதாம் படியைத் திரும்பத் திரும்பச் செய்வார். "அக்கா, எல்லாம் சொன்னபடி செய்தாச்சு, ஓடுதில்லை" என்று செய்தி வரும். அவர் சொல்வது உண்மை, சொன்னபடி செய்தவர்தான்.

இதற்கு மிக நல்ல உதாரணம் எம்பிஐ. ஒரு கணக்கைப் பல புரோசஸ்களாக (ஒரே நேரத்தில் ஓடும் பிரதிகளாக) பிரித்துச் செய்ய உதவும் முறை அது. ஓப்பன்எம்பிஐ, எம்பிச் என்பவை அதன் இரண்டு வடிவங்கள். ஒரே கணினியில் ஓப்பன்எம்பிஐ, எம்பிச் இரண்டும் இருந்து, ஒன்றால் கம்பைல் செய்து மற்றதால் ஓடவிட்டால், பிழைச்செய்தி எதுவும் வராமலே போகலாம். நாலு புரோசஸ் சேர்ந்து ஒரு கணக்கைச் செய்வதற்குப் பதிலாக, நாலும் தனித்தனியே அதே முழுக் கணக்கைச் செய்யும். வேகம் கூடாது, வெளியீட்டுக் கோப்பை நாலும் மாறி மாறி எழுதும். மாணவர் "நிரல் மெதுவாக இருக்கிறது" என்று மட்டும் நினைப்பார்.

எங்கள் வழிகாட்டியில் இதற்கு இப்போது ஒரு சின்னப் படி: நாலு புரோசஸில் ஒரு சோதனை நிரலை ஓடவிடுங்கள். 0, 1, 2, 3 என்று நாலு எண்ணும் ஏதாவது ஒரு வரிசையில் வர வேண்டும். நாலு தடவையும் 0 வந்தால் இரண்டு எம்பிஐ கலந்திருக்கிறது, இன்ன பகுதிக்குப் போங்கள். அரை நிமிட வேலை, ஒரு கிழமையைக் காப்பாற்றுகிறது.

ஒரு படிக்குள் நாலைந்து கட்டளைகளை ஒட்டி வைக்கவும் வேண்டாம். இரண்டாவது தோற்றாலும் மற்றவை ஓடும், கடைசி வரியின் வெற்றிச் செய்தியைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று மாணவர் அடுத்த படிக்குப் போய்விடுவார்.

5. முதல் ஓட்டம் அசையாத குளமாக இருக்கட்டும்

நிறுவி முடித்தவுடன் புதியவரிடம் முழுக் களனிக் கணக்கைக் கொடுத்து ஆறு மணித்தியாலம் ஓடவிடச் சொல்வது பெரிய பிழை. முடிவு வந்தாலும் அது சரியா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இரண்டு நிமிடத்தில் முடியும், விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு கணக்கு வேண்டும். நீரோட்ட நிரல்களுக்கு அசையாத குளம் மிகப் பொருத்தம். மேடும் பள்ளமுமான அடித்தளம், மேலே மட்டமான நீர், காற்று இல்லை, மழை இல்லை. எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் நீர் அசையக்கூடாது, வேகம் எல்லா இடத்திலும் பூச்சியத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள நீரியல் படித்திருக்கத் தேவையில்லை. வேறு துறை என்றால் அதற்கேற்ற ஒன்று இருக்கும்: வெப்பக் கடத்தலுக்கு இரு முனையும் ஒரே வெப்பநிலையில் இருக்கும் கம்பி, கோள் இயக்கத்துக்கு இரண்டே பொருள்கள்.

விடையைக் கடைசித் தசம இலக்கம் வரை ஒப்பிடச் சொல்லாதீர்கள். கம்பைலர் மாறினால் கடைசி இலக்கங்கள் மாறும், அது கோளாறு இல்லை. "வேகம் பத்தின் மறை பத்தாம் அடுக்குக்குக் கீழே இருந்தால் சரி" என்பது போல ஒரு எல்லை கொடுத்து, ஒப்பிடும் வேலையை நிரலே செய்து "சரி" அல்லது "சரியில்லை" என்று சொல்லட்டும்.

6. நிரல் நிற்கும் இடங்களை எல்லாம் பட்டியல் போடுங்கள்

இப்போதுதான் பிழைச்செய்திக்கு வருகிறோம். மூலநிரலில் "ஸ்டொப்" (நிரலை நிறுத்தும் கட்டளை) வரும் இடம், கோப்பைத் திறக்கும் இடம், வாசிக்கும் இடம் எல்லாவற்றையும் தேடி எடுத்து ஒரு அட்டவணையில் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு கேள்வி: இதை யாரால் சரிசெய்ய முடியும்?

பதில் மூன்றில் ஒன்றாக இருக்கும். உள்ளீட்டைத் தயாரித்தவர், கணினியைப் பராமரிப்பவர், நிரலை எழுதிய நாங்கள். மூன்றுக்கும் செய்தி வேறு. உள்ளீட்டுக் கோளாறு என்றால் கோப்பும் வரியும் சொல்ல வேண்டும். கணினிக் கோளாறு என்றால் எந்த லைப்ரரி, எங்கே தேடினோம் என்று சொல்ல வேண்டும். எங்கள் பிழை என்றால் அதை நேராக ஒத்துக்கொண்டு, எந்தக் கோப்பை எங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்ல வேண்டும். எங்கள் பிழைக்கு மாணவர் தன் உள்ளீட்டை இரவெல்லாம் தோண்டிக்கொண்டிருப்பது அநியாயம்.

முதலாம் படியில் எழுதிய கொப்பியை இந்த அட்டவணையோடு பொருத்துங்கள். யாராவது உண்மையில் விழுந்த இடங்களை முதலில் திருத்துங்கள். யாருமே காணாத செய்திகள் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

7. செய்தியில் என்ன இருக்க வேண்டும்

என்ன நடந்தது, எந்தக் கோப்பில் எந்த வரியில், என்ன கிடைத்தது, என்ன எதிர்பார்த்தோம், அடுத்து என்ன செய்வது. ஐந்தும் இருந்தால் யாரையும் கூப்பிடத் தேவையில்லை.

ஒரு உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். இலங்கை வரைபடங்களில் இரண்டு ஆள்கூற்று வலையமைப்புகள் புழக்கத்தில் உள்ளன. பழையது கண்டாவல, அதன் தொடக்கப் பெறுமானம் இரு திசையிலும் 200,000 மீற்றர். புதியது எஸ்எல்டி99, அதில் 500,000. ஒரே இடத்துக்கு இரண்டிலும் கிடைக்கும் எண்கள் இரு திசையிலும் ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தள்ளி நிற்கும். மழைமானி நிலையங்களின் பட்டியல் ஒரு பழைய அறிக்கையிலிருந்தும், நிலமட்டத் தரவு புதிய வரைபடத்திலிருந்தும் வந்தால் இந்தக் கலப்பு நிச்சயம் நடக்கும்.

எங்கள் பழைய நிரல் அப்போது சொன்னது: "பிழை: அணியின் எல்லைக்கு வெளியே." எந்த அணி, எந்த எல்லை? ஒரு தம்பி இதைப் பார்த்துவிட்டுக் கணிப்புப் பரப்பின் அளவை இரண்டு மடங்காக்கிப் பார்த்தார், பிறகு நாலு மடங்காக்கினார், கடைசியில் கணினியின் நினைவகம் போதவில்லை என்று வேறொரு பிழை வந்தது. செய்தி அவரை அந்தத் திசையில்தான் அனுப்பியது.

இப்போது அதே இடத்தில் வருவது:

"பிழை 214. மழைமானி நிலையம் கணிப்புப் பரப்புக்கு வெளியே உள்ளது. நிலையப் பட்டியல் கோப்பு, வரி 7. கிடைத்தது: கிழக்கு 99,300, வடக்கு 192,100. பரப்பு: கிழக்கு 395,000 முதல் 426,000 வரை, வடக்கு 480,000 முதல் 505,000 வரை. இரு திசையிலும் சுமார் 300,000 மீற்றர் குறைவாக உள்ளதால் இது கண்டாவல ஆள்கூறாக இருக்கலாம். இந்த நிரலுக்கு எஸ்எல்டி99 வேண்டும். மாற்றும் முறை: வழிகாட்டி, பகுதி 3."

இதில் "இருக்கலாம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். கிடைத்த எண் உண்மை, அதை உறுதியாகச் சொல்லலாம். காரணம் ஊகம், ஊகம் என்றே சொல்ல வேண்டும். ஊகத்தை உறுதிபோலச் சொல்லி அது பிழையாகிப் போனால், அடுத்த தடவை உண்மையான செய்தியையும் அவர் நம்பமாட்டார். நிரலே 300,000 கூட்டிவிட்டுப் பேசாமல் போவதும் கூடாது. இரண்டு வலையமைப்புக்கும் இடையே சரியான மாற்றம் வெறும் கூட்டல் இல்லை.

இன்னொன்று. ஃபோர்ட்ரானின் நேம்லிஸ்ட் கோப்பில் (உள்ளீடுகளைப் பெயரோடு எழுதும் உரைக் கோப்பில்) ஒவ்வொரு தொகுதியும் ஒரு சாய்கோட்டுடன் முடிய வேண்டும். அதை விட்டுவிட்டால் வரும் செய்தி "எண்ட் ஒஃப் ஃபைல்", அதாவது கோப்பு முடிந்துவிட்டது. மாணவர் கோப்பின் கடைசிக்குப் போய்ப் பார்ப்பார், அங்கே ஒரு குறையும் தெரியாது. கோப்பு பாதியில் வெட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி தரவிறக்குவார். வாசிக்கும் இடத்தில் பிழைக்குறியீட்டைப் பிடித்து, "இன்ன தொகுதியின் முடிவைக் காணவில்லை, கடைசி வரிக்குப் பின் தனி வரியில் சாய்கோடு இருக்கிறதா என்று பாருங்கள்" என்று சொல்வதற்கு ஐந்து வரி நிரல் போதும்.

"தவறான உள்ளீடு", "நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும்" போன்றவற்றை அடியோடு எடுத்துவிடுங்கள். முதலாவது ஒன்றையும் சொல்வதில்லை. இரண்டாவது, தன் அறையில் இரவு பதினொரு மணிக்குத் தனியாக இருக்கும் ஒருவருக்கு எந்த வழியையும் காட்டுவதில்லை.

8. ஓடத் தொடங்குமுன் எல்லாவற்றையும் சோதித்து, ஒரே தடவையில் சொல்லுங்கள்

ஐந்தாவது மணித்தியாலத்தில் தேவைப்படும் கோப்பு இல்லை என்று ஐந்தாவது மணித்தியாலத்தில் சொல்வதில் அர்த்தமில்லை. எல்லா உள்ளீட்டுக் கோப்பும் இருக்கிறதா, வெளியீட்டுக்கு வட்டில் இடம் இருக்கிறதா, எழுத அனுமதி இருக்கிறதா என்று முதல் நிமிடத்திலேயே பாருங்கள். முதல் பிழையிலேயே நிற்காமல் முழுவதையும் சோதித்து மொத்தமாகச் சொல்லுங்கள். ஆறு பிழைக்கு ஆறு தடவை ஓடவிடுவது ஆளைச் சோர்வாக்கும்.

இந்தப் படியில் அதிக கவனம் வேண்டியது, நிரல் நிற்காமல் ஓடி முடித்துப் பிழையான விடை தரும் இடங்களுக்குத்தான். நாகலகம் வீதியில் உள்ள அளவுமானியின் நீர்மட்டம் அடியில் அறிவிக்கப்படுகிறது. மேலே ஹங்வெல்ல, கிளென்கோர்ஸ் நிலையங்களினது மீற்றரில். நாகலகம் வீதியில் 5 என்றால் 1.52 மீற்றர். அதை 5 மீற்றர் என்று வாசித்தாலும் நிரல் அழகாக ஓடும், வரைபடம் வரும், கொழும்பு வடக்கு முழுவதும் தண்ணீருக்குள் போகும். ஒரு பிழைச்செய்தியும் இராது.

இதற்கு மருந்து: அலகு எழுதப்படாத தரவுக் கோப்பை நிரல் ஏற்கவே கூடாது. "அலகு காணவில்லை. கோப்பின் முதல் வரியில் அடி அல்லது மீற்றர் என்று எழுதுங்கள்." தானாக மீற்றர் என்று எடுத்துக்கொள்வது உதவிபோலத் தெரியும், ஆனால் அதுதான் ஆபத்து.

நேரமும் அப்படியே. இங்கே நாளாந்த மழைவீழ்ச்சி காலை 8.30 மணியோடு முடியும் 24 மணித்தியாலத்துக்கு. அது உலக நேரப்படி அதிகாலை 3 மணி. நேர வலயத்தை முழு எண்ணாக மட்டும் ஏற்கும் நிரலில் எங்கள் ஐந்தரை ஐந்தாகிவிடும், மழை அரை மணித்தியாலம் தள்ளிப் பெய்யும். 2006 ஏப்ரலுக்கு முந்திய சில வருடங்களில் இலங்கை நேரம் ஆறு மணித்தியால வேறுபாட்டில் இருந்தது என்பதால் பழைய மணிவாரிப் பதிவுகளைப் பாவிப்பவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். தரவு எந்த நேரத்தில் தொடங்குகிறது என்று நிரல் எடுத்துக்கொண்டதோ, அதை உள்ளூர் நேரத்திலும் உலக நேரத்திலும் தொடக்கத்திலேயே அச்சிடச் சொல்லுங்கள். கண்ணில் பட்டால் மாணவரே பிடித்துவிடுவார்.

9. ஓட்டத்தின் நடுவே விழும்போது

கணிப்புப் பரப்பைப் பிரித்திருக்கும் சிறு கட்டங்களில் ஒன்றில், எண் அல்லாத பெறுமானம் (NaN) ஒன்று தோன்றினால் சில நூறு படிகளில் பரப்பு முழுவதும் பரவிவிடும். முடிவுக் கோப்பில் எல்லாம் "NaN" என்று நிற்கும். ஆகவே அது முதன்முதலில் தோன்றும் இடத்திலேயே நிறுத்தி, எந்தக் கட்டம், எந்த நேரம், ஆழம், வேகம் என்ன என்று சொல்ல வேண்டும்.

பெரும்பாலும் காரணம் நேரப்படி, அதாவது ஒரு கணிப்பிலிருந்து அடுத்ததற்கு நிரல் தாண்டும் நேரம், பெரிதாக இருப்பது. அதை நிரலால் முன்கூட்டியே கணக்கிட முடியும். 10 மீற்றர் ஆழமான நீரில் அலையின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 9.9 மீற்றர். நீரோட்டம் 2 மீற்றர் என்றால் மொத்தம் 11.9. கட்டத்தின் அகலம் 10 மீற்றர் என்றால் நேரப்படி 0.84 செக்கனைத் தாண்டக்கூடாது. "நேரப்படி 2 செக்கன், இந்தக் கட்டத்துக்கு அதிகபட்சம் 0.84, உள்ளீட்டில் 0.8 ஆக்கிப் பாருங்கள்" என்று சொன்னால் மாணவர் காரணத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறார்.

பிழையோடு நிற்கும் நிரல் பூச்சியம் அல்லாத முடிவுக் குறியீட்டைத் திருப்பித் தர வேண்டும் (பூச்சியம் என்றால் சரியாக முடிந்தது என்று பொருள்). இல்லாவிட்டால் பின்னால் வரும் ஸ்கிரிப்ட் நேற்றைய வெளியீட்டை எடுத்து இன்றைய வரைபடத்தைப் போட்டுவிடும்.

10. ஒவ்வொரு பிழைக்கும் ஒரு எண் கொடுங்கள்

எங்கள் அறையில் தமிழிலும் சிங்களத்திலும் படித்து வந்தவர்கள் சேர்ந்தே வேலை செய்கிறார்கள். மேலே நான் தமிழில் எழுதிய செய்திகள் நிரலில் ஆங்கிலத்தில்தான் வருகின்றன, ஏனென்றால் இணையத்தில் தேடவும் வெளிநாட்டில் பாவிப்பவர்கள் வாசிக்கவும் அது வேண்டும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. அந்த எண்ணின் கீழ் தமிழிலும் சிங்களத்திலும் விளக்கப் பக்கம் இருக்கிறது. தொலைபேசியில் "214 வருது" என்று சொன்னால் போதும், திரையை மங்கலாகப் படமெடுத்து அனுப்பத் தேவையில்லை.

ஒரு தடவை கொடுத்த எண்ணை வேறு பிழைக்கு மாற்றிக் கொடுக்காதீர்கள். பழைய பதிப்பு வைத்திருப்பவர் வேறொரு விளக்கத்தை வாசித்துக் குழம்புவார்.

11. இன்னொரு புதியவரை உட்கார வையுங்கள்

முதலில் பார்த்த அதே ஆளை வைத்துச் சோதிக்க வேண்டாம், அவருக்கு வழி தெரிந்துவிட்டது. புதிதாக ஒருவர், அதே கொப்பி, அதே மூன்று நெடுவரிசை. எங்களுக்கு இரண்டாம் சுற்றில் வந்தவர் இரண்டு எஃப் இடத்தை நிற்காமல் கடந்தார், ஆனால் நாங்கள் புதிதாக எழுதிய தனிப் பைதன் சூழலில் விழுந்தார். டேர்மினலை மூடித் திறந்தால் அந்தச் சூழலை மறுபடி இயக்க வேண்டும் என்று எழுத மறந்திருந்தோம். ஒரு வரி சேர்த்தோம். மூன்றாவது ஆள் அங்கே நிற்கவில்லை.

வழிகாட்டியில் உள்ள கட்டளைகளைச் சுத்தமான கொன்டெய்னரில் கிழமைக்கு ஒரு தடவை தானாக ஓடும்படி வைத்துவிடுங்கள். ஏதாவது ஒரு பொதியின் பதிப்பு மாறி வழிகாட்டி உடைந்தால், மாணவருக்கு முன் உங்களுக்குத் தெரியும்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகள். ஒருவர் கேட்டால் பதிலை முதலில் வழிகாட்டியில் எழுதுங்கள், பிறகு அந்தப் பகுதியின் இணைப்பை அவருக்கு அனுப்புங்கள். ஐந்து நிமிடம் கூடுதலாக எடுக்கும். அதே கேள்வி இரண்டாம் தடவை வந்தால் வழிகாட்டியில் அது தவறான இடத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, ஒரு படி முன்னே நகர்த்துங்கள். மூன்றாம் தடவையும் வந்தால் வழிகாட்டியை விட்டுவிட்டு, எட்டாம் படியில் உள்ள சோதனைகளோடு அதையும் நிரலுக்குள் எழுதி, அடுத்த எண்ணைக் கொடுங்கள்.